தொங்கவிடப் பழைய பித்தளைச் சாமான் வாங்கும்போது

கேள்வி: நாகப்பட்டினத்தில் கடற்கரையை ஒட்டி வீடு. காரைக்குடி பழம்பொருள் கடைகளில் தூக்குவாளி, எனாமல் தட்டு, சின்ன மணிகள் வாங்கி பால்கனியில் தொங்கவிட ஆசை. ஏமாறாமல் வாங்குவது எப்படி?

பதில்: கையோடு ஒரு காந்தம் கொண்டுபோங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். ஒட்டாவிட்டாலும் உடனே நம்பிவிடாதீர்கள். துத்தநாகக் கலவையிலும் காந்தம் ஒட்டாது. கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு அடிப்பக்கத்தை ஆணி முனையால் லேசாகக் கீறுங்கள். கீறலுக்குள்ளும் மஞ்சள் என்றால் பித்தளை. சாம்பல் நிறம் தெரிந்தால் எடைக்கு விலை பேசாதீர்கள்.

தூக்குவாளியில் முக்கியம் கைப்பிடியை மாட்டியிருக்கும் காதுதான், மொத்தப் பாரமும் அங்கேதான் இறங்கும். ரிவெட் (தலையை அடித்து இறுக்கும் ஆணி) அடித்த காது நல்லது. பற்றவைத்த காது ஆட்டும்போது அசைந்தால் வேண்டாம். செடி வைப்பதாக இருந்தால் அடியில் 6 மி.மீ. துளை நான்கு போடுங்கள். 2 லிட்டர் வாளியில் ஈரமண் நிரம்பினால் 3 கிலோவைத் தாண்டும். கான்கிரீட் கூரையில் பிளாஸ்டிக் பிளக் வைத்துத் திருகிய கொக்கி காற்றில் ஆடி ஆடி நழுவிவிடும், 8 மி.மீ. உலோக ஆங்கர் போல்ட் போடச் சொல்லுங்கள். பழைய பாத்திரத்தின் உள்பூச்சில் காரீயம் கலந்திருக்கலாம், ஆகவே கீரை, புதினா வேண்டாம், பூச்செடி போதும்.

மணியை நூலில் தூக்கிப் பிடித்து மரக்குச்சியால் தட்டுங்கள். நல்ல வெண்கலம் நீளமாக ரீங்கரிக்கும், கரகரத்தால் விரிசல். வெண்கலம் நொறுங்கும் தன்மை உள்ளது, துளை போடும்போதே வெடிக்கலாம். வளையத்தோடு வார்த்த மணியாகப் பார்த்து வாங்குங்கள்.

எனாமல் தட்டிலும் துளை போடாமல் இருப்பதே நல்லது. துளையைச் சுற்றிப் பூச்சு பெயர்ந்து, உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடிக்கும். விளிம்புக்கு அடியில் கம்பியைச் சுற்றி, மூன்று இடத்தில் தூக்குங்கள்.

கேள்வி: முன்பு கட்டியது ஒரே மழைக்காலத்தில் அறுந்து விழுந்தது. எந்தக் கயிறு தாங்கும்?

பதில்: பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும். மீன்பிடி நரம்பு வெயிலில் நாளடைவில் உடையும். பின்னிய பாலியஸ்டர் கயிறு தாக்குப்பிடிக்கும். கடலோரத்தில் 316 தர எவர்சில்வர் கம்பி இன்னும் மேல். பெரும்பாலும் கயிறு அறுவது அதன் குற்றமல்ல, துளையின் குற்றம். டிரில் போட்டதும் விளிம்பில் பிசிறு நிற்கும். ஆடும் ஒவ்வொரு தடவையும் அது கயிற்றை அறுத்துக்கொண்டே இருக்கும். துளையைவிடப் பெரிய பிட்டை இருபக்கமும் வைத்துக் கையாலேயே நாலு சுற்றுச் சுற்றினால் பிசிறு போய்விடும். பித்தளையோடு இரும்புச் சங்கிலி சேர்க்காதீர்கள்: உப்புக்காற்றின் ஈரத்தில் இரண்டும் தொட்டுக்கொண்டால் இரும்பு வழக்கத்தைவிட வேகமாகத் துருப்பிடிக்கும்.

கேள்வி: பழைய பித்தளைத் திரைக்கம்பியை வெட்டிக் காற்றுமணி செய்தேன். டொக் டொக் என்கிறது. ஏன்?

பதில்: நுனியில் துளை போட்டுக் கட்டியிருப்பீர்கள். குழாய் அதிரும்போது நுனி அதிகம் ஆடும். அங்கே கட்டினால் ஒலி அடங்கிவிடும். ஆடாத புள்ளி, நுனியிலிருந்து மொத்த நீளத்தில் 22.4 சதவீதத்தில் இருக்கிறது. 40 செ.மீ. குழாய்க்கு 9 செ.மீ., 30 செ.மீ. குழாய்க்கு 6.7 செ.மீ. அங்கே 3 மி.மீ. துளையை எதிரெதிராக இரண்டு பக்கமும் போட்டுக் கட்டுங்கள். நடுவில் தொங்கும் மரக்கட்டை குழாயின் பாதி நீளத்தில் மோதட்டும்.

கேள்வி: எழுத்துப் பொறித்த பழைய கோயில் மணி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அது திருட்டுப் பொருளாக இருக்கலாம். நூறு ஆண்டைத் தாண்டிய கலைப்பொருள் என்றால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும். அத்தகைய பொருளை விற்கும் வணிகருக்கு உரிமம் தேவை. வீட்டுச் சாமான் வாங்கினாலும் பொருளின் பெயர், உலோகம், எடை மூன்றும் எழுதிய ரசீது கேளுங்கள். பித்தளை என்று எழுதிக் கொடுத்துவிட்டு முலாம் பூசியதைத் தந்திருந்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்ய அந்தக் காகிதம்தான் ஆதாரம்.