கொம்போஸ்டெலாவில் நட்சத்திரம் உண்டா? (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்பெயினின் காலிசியாவில் இருக்கும் சாண்டியாகோ டி கொம்போஸ்டெலாவுக்கு நண்பர் ஒருவர் நடைப்பயணம் போய்வந்தார். லத்தீனில் ‘காம்புஸ் ஸ்டெல்லே’, அதாவது நட்சத்திர வயல் என்பதுதான் கொம்போஸ்டெலா ஆனதாம். உண்மையா?

கே.

அன்புள்ள கே.,

கதை அழகானது. 9ஆம் நூற்றாண்டில் பெலாயோ என்ற துறவி காட்டில் விநோதமான ஒளிகளைக் கண்டார், ஆயர் தியோடோமிரோ வந்து பார்த்து அங்கிருப்பது இயேசுவின் அப்போஸ்தலரான புனித யாக்கோபின் கல்லறை என்று அறிவித்தார் என்பார்கள். இது எழுத்தில் வருவது 1077இல்தான்.

சிக்கல் ஒலியில் இருக்கிறது. லத்தீனின் ஸ்டெல்லா காலிசிய மொழியில் ‘எஸ்ட்ரெலா’ ஆகிவிட்டது. நடுவே ஒரு ‘ர’ புகுந்திருக்கிறது பாருங்கள். ஊர்ப்பெயரில் அது இல்லை. ‘காம்’ எப்படிக் ‘கொம்’ ஆனது என்பதற்கும் நல்ல விடை கிடையாது.

மொழியியலாளர்கள் பலர் ‘கொம்போனெரே’ என்ற லத்தீன் வினையைக் காட்டுகிறார்கள். சேர்த்து வைப்பது, ஒழுங்காக அமைப்பது என்று பொருள். நம் ஊரில் காம்போஸ்ட் உரம் என்கிறோமே, அதுவும் இதே வேர்தான். அதன் எச்சமான ‘கொம்போஸ்டா’வோடு சிறுமையைக் குறிக்கும் ‘எல்லா’ விகுதி சேர்ந்தால் கொம்போஸ்டெல்லா. லத்தீனின் இரட்டை ‘ல்’ காலிசியத்தில் ஒற்றையாகும். கோட்டையைக் குறிக்கும் காஸ்டெல்லும் அங்கே ‘காஸ்டெலோ’, ஸ்பானிய மொழியில் ‘காஸ்டில்யோ’. அந்தக் கணக்குப்படி ஸ்பானிய மொழியில் இந்தப் பெயர் ‘கொம்போஸ்டில்யா’ என்று இருக்க வேண்டும். இருக்கிறது! ஸ்பெயினின் போன்ஃபெராடா நகரத்தில் ஒரு பகுதிக்கு அதுதான் பெயர். அங்கே அப்போஸ்தலரும் இல்லை, நட்சத்திரமும் இல்லை.

சரி, ‘அமைக்கப்பட்டது’ எது? புதைப்பதற்கும் இதே வினை உண்டு. ‘எல்லோரையும் புதைத்துவிட்டேன்’ என்று ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் தன் அங்கதக் கவிதையில் சொல்வது இந்தச் சொல்லால்தான். சாண்டியாகோ பேராலயத்தின் அடியில் 1946 முதல் தோண்டியபோது ரோமானியர் காலக் கல்லறைகள் வெளிப்பட்டன. 1955இல் தியோடோமிரோவின் கல்லறைப் பலகையே கிடைத்தது. அதுவரை அவரையே கட்டுக்கதை என்று சொன்னவர்கள் உண்டு. ஆகவே ‘சிறு இடுகாடு’ என்ற விளக்கம் செல்வாக்குப் பெற்றது.

எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம். தோண்டியது கிடைத்ததும் பெயருக்கு அந்தப் பொருளை ஏற்றிவிட்டார்களோ என்று தோன்றுகிறது. ‘நன்றாக அமைந்த சிற்றூர்’ என்று எடுத்துக்கொண்டால் போன்ஃபெராடாவுக்கும் பொருந்துகிறது. நான் அந்தப் பக்கம்.

அப்புறம், யாத்திரைப் பாதையின் கடைசி 100 கிலோமீட்டரையாவது நடந்து முடித்தவர்களுக்குச் சாண்டியாகோவில் தரும் சான்றிதழின் பெயரும் கொம்போஸ்டெலாதான். நண்பர் வாங்கிவந்தாரா என்று கேளுங்கள்.