வெளிநாட்டில் கார் வாடகைக்கு எடுக்கும்போது எந்தக் காப்பீட்டை வாங்க வேண்டும், எதை விட்டுவிடலாம்?

கவுண்ட்டரில் வரிசையாகப் பெயர்களை அடுக்குகிறார்கள், எல்லாவற்றையும் வாங்கினால் காப்பீட்டுச் செலவே வாடகையைத் தாண்டிவிடுகிறது, எது அவசியம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஓட்டப்போகும் காரைச் சற்று மறந்துவிட்டு, அந்தக் காரால் பிறருக்கு என்ன நேரலாம் என்பதை முதலில் யோசியுங்கள். கார் முழுவதும் நொறுங்கினாலும் அதற்கு ஒரு விலை உண்டு. சாலையைக் கடக்கும் ஒருவர் உங்கள் காரில் அடிபட்டு வாழ்நாள் முழுவதும் படுக்கையில் கிடக்க நேர்ந்தால், அந்த இழப்பீட்டுக்கு வரம்பே கிடையாது. முதலாவது கையைக் கடிக்கும்; இரண்டாவது குடும்பத்தையே கவிழ்த்துவிடும். ஆனால் கவுண்ட்டரில் பெரும்பாலும் கீறல், கண்ணாடி, டயர் என்றுதான் பயமுறுத்துகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

ஆகவே மூன்றாம் நபர் காப்பீடு எவ்வளவு தொகைக்கு இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் பிரிட்டனிலும் இது சட்டப்படி கட்டாயம். வாடகையோடு சேர்ந்தே வருகிறது. பிரிட்டனில் உடல் காயத்துக்கான இழப்பீட்டுக்கு உச்சவரம்பே இல்லை. அங்கெல்லாம் இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்.

அமெரிக்கா வேறு. அங்கே குறைந்தபட்ச வரம்பை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக வைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் 2025 முதல் அது ஒருவருக்குக் காயம் என்றால் 30,000 டாலர், ஒரு விபத்தில் காயமடைந்த அனைவருக்கும் சேர்த்து 60,000, பிறர் உடைமைக்கு 15,000. அதற்கு முன்பு இருந்த 15,000, 30,000, 5,000 என்ற வரம்பு பல பத்தாண்டுகள் மாறாமல் கிடந்தது. அந்த ஊர் மருத்துவமனைக் கட்டணத்துக்கு முன்னால் 30,000 டாலர் நிற்காது. எனவே அமெரிக்காவில் கூடுதல் பொறுப்புக் காப்பீடு, அதாவது எஸ்.எல்.ஐ., இல்லாமல் நான் சாவியை வாங்க மாட்டேன். வெளிநாட்டுப் பயணிகளுக்கான முன்பதிவுகளில் இது சேர்ந்தே வருவதுண்டு. ஏற்கெனவே இருப்பதைக் கவுண்ட்டரில் மறுபடி வாங்காதிருக்க, முன்பதிவுத் தாளை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

அடுத்தது சி.டி.டபிள்யூ., அதாவது மோதல் சேத விலக்கு. பலரும் இதைக் காப்பீடு என்றே நினைக்கிறார்கள். உண்மையில் இது, கார் சேதமானால் உங்களிடம் குறிப்பிட்ட தொகைக்கு மேல் கேட்க மாட்டோம் என்று வாடகை நிறுவனம் தரும் வாக்குறுதி. அந்தக் குறிப்பிட்ட தொகைதான் எக்ஸஸ். குடித்துவிட்டு ஓட்டினாலோ, ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினாலோ, அனுமதி வாங்காமல் எல்லை தாண்டினாலோ வாக்குறுதி அத்தோடு முடிந்தது. முழுத் தொகையும் உங்கள் தலையில்தான். டயர், கண்ணாடி, கூரை, காரின் அடிப்பகுதி, தொலைந்த சாவி, தவறான எரிபொருள் ஆகியவை பெரும்பாலும் தொடக்கத்திலிருந்தே இதில் சேராது. ஐஸ்லாந்தில் மணல், எரிமலைச் சாம்பல் இரண்டுக்கும் தனிப் பாதுகாப்பு விற்கிறார்கள். அங்கே அது வீண் செலவல்ல. ஆனால் ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் புகுந்தாலோ, காற்று கதவைப் பிடுங்கிவிட்டாலோ, பெரும்பாலான பாதுகாப்புகள் கைவிட்டுவிடும்.

எக்ஸஸ் தொகையைச் சமாளிக்க மூன்று வழிகள் உண்டு. நிறுவனமே விற்கும் முழுப் பாதுகாப்பு விலை அதிகம், தொந்தரவு குறைவு. கிரெடிட் கார்டோடு வரும் பாதுகாப்புக்கு, வாடகை முழுவதையும் அதே கார்டில் கட்டியிருக்க வேண்டும். பல கார்டுகள், நிறுவனத்தின் சி.டி.டபிள்யூவை வாங்கினால் தங்கள் பாதுகாப்பு செல்லாது என்கின்றன. அயர்லாந்து, இஸ்ரேல், ஜமைக்கா போன்ற நாடுகளை விலக்கிவைக்கும் கார்டுகளும் உண்டு. மூன்றாவது, வெளியே தனியாக வாங்கும் எக்ஸஸ் பாலிசி. நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். பிரீமியம் குறைவு, டயரும் கண்ணாடியும் சேர்ந்திருக்கும். ஆனால் முதலில் நீங்கள் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகுதான் கேட்டு வாங்க வேண்டும். கவுண்ட்டரில் கார்டில் பெரிய டெபாசிட்டையும் முடக்கிவைப்பார்கள். கார்டு வரம்பு அதைத் தாங்காது என்றால் நிறுவனத்தின் பாதுகாப்பை வாங்கிவிடுவதே நல்லது.

தனிநபர் விபத்துக் காப்பீடு, பெட்டி படுக்கைக் காப்பீடு இரண்டும் பயணக் காப்பீட்டில் இருந்தால் வேண்டாம்.

எந்தப் பாதுகாப்பு எடுத்தாலும் காரை எடுக்கும் இடத்திலேயே ஒரு வீடியோ எடுங்கள். நான்கு சக்கரங்களின் விளிம்புகள், முன்கண்ணாடியின் கீழ்ப்பகுதி, பம்பரின் அடிப்பக்கம் ஆகியவற்றைக் குனிந்து, நிதானமாக எடுக்க வேண்டும். ஒருமுறை எனக்குச் சக்கர விளிம்புச் சிராய்ப்புக்கு பில் வந்தது. பழுதுக்கு ஒரு தொகை, அலுவலகச் செலவுக்கு ஒன்று, கார் ஓடாமல் நின்ற நாட்களுக்கு ஒன்று என்று மூன்று கட்டணங்கள். எடுத்த அன்றே அந்தச் சிராய்ப்பு இருந்ததை வீடியோவில் காட்டியதும் மூன்றையும் ரத்துசெய்தார்கள். அந்த மூன்றாவது கட்டணத்தைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. வாங்கும் முன் அதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

விபத்து எவ்வளவு சிறியதாக இருந்தாலும் போலீஸ் அறிக்கை வாங்குங்கள். ஜப்பானில் போலீசுக்குத் தெரிவிக்காமல் விட்டால் காப்பீடே செல்லாமல் போகும். மற்ற நாடுகளிலும் பணத்தைத் திரும்பக் கேட்கும்போது பாலிசிக்காரர்கள் பெரும்பாலும் கேட்பது அந்த அறிக்கையையும், வாடகை ஒப்பந்தத்தையும், பழுதுபார்த்த பில்லையும்தான்.