பேச விரும்பாதவளின் ஐந்து நிமிடம்

அன்புள்ள ஐயா,

ஸ்வீடனின் ஆபா பாப் இசைக்குழுவின் ‘தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்’ (ஜெயித்தவருக்கே எல்லாம்) பாட்டைப் போன மாதம்தான் முதன்முதலாகக் கேட்டேன். நான் பிறப்பதற்கு இருபது வருடம் முன்பு வந்த பாட்டு. எனக்குக் காதல் தோல்வியும் கிடையாது. ஆனாலும் இரவுப் பேருந்தில் கண் கலங்கிவிட்டது. பிரிந்த கணவர் எழுதி மனைவி பாடிய பாட்டு என்று தெரிந்ததால்தானா?

ச.

அன்புள்ள ச.,

பியோர்ன் உல்வேயஸ் எழுதினார், அவரைப் பிரிந்திருந்த அக்னெத்தா ஃபால்ட்ஸ்கோக் பாடினார், 1980இல். அதெல்லாம் சரிதான். ஆனால் தங்கள் பிரிவில் ஜெயித்தவர் என்று யாரும் இல்லை, பாட்டில் இருப்பது கற்பனை என்றுதான் பியோர்ன் சொல்லிவந்திருக்கிறார். நான் இதை முதலில் கேட்டது தேய்ந்த கேசட்டில், யார் கதை என்றே தெரியாமல், வார்த்தைகள் பாதி புரியாமல். அப்போதும் தொண்டை அடைத்தது.

எடுத்த எடுப்பிலேயே பாட்டில் வரும் பெண் தன் பிரிவைப் பற்றிப் பேச விருப்பமில்லை என்கிறாள். அப்புறம் கிட்டத்தட்ட ஐந்து நிமிடம் வேறு எதையுமே பேசுவதில்லை. விதி, பகடை, கடவுள்கள் என்று பெரிய பெரிய விஷயமாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், திடீரென்று, பிரிந்தவனிடம் அவனுடைய புதுக் காதலியைப் பற்றி, அவள் முத்தமும் என் முத்தம் போலத்தானா என்று கேட்டுவிடுகிறாள். அத்தனை தத்துவமும் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருப்பதற்குத்தான்!

மெட்டும் அப்படியே. பியானோ படியிறங்குவது போல இறங்குகிறது. இரண்டே மெட்டுத் துண்டுகள்தான் மாறி மாறி வருகின்றன. பாப் பாட்டுகளில் நடுவே எங்காவது மெட்டு வேறு பக்கம் திரும்பி மூச்சு விட இடம் தரும். இதில் அது கிடையாது. தூக்கம் வராத இரவில் அதே நினைப்பு சுற்றிச் சுற்றி வருமே, அதேதான். அதற்குக் காதல் தோல்விதான் வேண்டும் என்றில்லை. வேலை போனவனுக்கும் வரும்.

நீங்கள் கலங்கிய இடம் எதுவென்று எழுதவில்லை. எனக்கு அது கடைசிச் சரணம். கைகுலுக்க வந்து நிற்பவனிடம், தான் பதற்றமாக இருப்பதற்காக அவள் மன்னிப்புக் கேட்கிறாள். அதை அவள் வாயில் வைத்தது ஓர் ஆண் என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தும். ஆனால் அக்னெத்தாவின் குரல் அந்த இடத்தில் மன்னிப்பா கேட்கிறது? இன்னொரு முறை கேட்டுவிட்டு எழுதுங்கள்.