கேள்வி பதில்: பொன் பூசிய செபநூல்

கேள்வி: அருங்காட்சியகத்தில் பார்த்த 15-ஆம் நூற்றாண்டு லத்தீன் செபநூல் துறவிகளுடையதா?

பதில்: அது ‘நேரச் செபநூல்’ என்றால் பெரும்பாலும் இல்லறத்தார் வைத்திருந்ததுதான். மடங்களில் நாளுக்கு எட்டு வேளை சொல்லும் செபத்தைச் சுருக்கி, மாதாவை முன்வைத்து வீட்டுக்கென்று அமைத்தது. முதலில் நாட்காட்டி, பிறகு மாதாவின் செபவேளைகள், ஏழு தவத் திருப்பாடல்கள், புனிதர் மன்றாட்டு மாலை, இறந்தோர் செபம். பொதுவாகப் பக்க எண் இருக்காது. வானதூதர் கபிரியேல் மாதாவுக்குத் தூது சொல்லும் படம் வந்தால் நாளின் முதல் செபம், குழந்தை இயேசுவோடு எகிப்துக்கு ஓடிப்போகும் படம் வந்தால் மாலைச் செபம் என்று புரட்டிக் கண்டுபிடிக்கலாம்.

கேள்வி: அந்தப் பொன் எழுத்துகள் மேடாக இருக்கின்றனவே, எப்படி? சில இடங்களில் உதிர்ந்தும் இருக்கிறது.

பதில்: மேடாகத் தெரிவது பொன் அல்ல, அடியில் இருக்கும் பூச்சு. நீரில் ஊறவைத்துச் சாரம் போன ஜிப்சம், கொஞ்சம் ஈயவெள்ளை, தோல் பசை, சிறிது சர்க்கரை அல்லது தேன் சேர்த்து அரைத்து, இறகுப் பேனாவால் எழுத்தின் மேல் நிரப்புவார்கள். காய்ந்ததும் கத்தியால் மழிக்க வேண்டும். பிறகு அதன்மேல் வாயால் ஊத வேண்டும்! தேன் அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு லேசாகப் பிசுபிசுக்கும். அந்த நொடியில் பொன்னேட்டை வைத்து, பட்டுத் துணியால் அழுத்தி, நாய்ப் பல்லாலோ வழவழப்பான கல்லாலோ தேய்த்தால் கண்ணாடிப் பளபளப்பு வரும்.

தேன் கூடினால் பூச்சு இறுகவே இறுகாது, தேய்க்கும் கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பசை கூடினால் பக்கம் வளையும்போதெல்லாம் வெடிக்கும். குறைந்தால் மாவாக உதிரும். நீங்கள் பார்த்த உதிர்வு பெரும்பாலும் வளைவதால் வந்தது. பக்கம் காகிதமல்ல, பதப்படுத்திய விலங்குத் தோல். அது காற்றின் ஈரத்துக்கேற்ப நீண்டும் சுருங்கியும் அசையும், பூச்சு அசையாது. அட்டையில் கொக்கி வைத்ததும் தோலை அழுத்தி வைக்கத்தான்.

வரிசை மாறவே கூடாது: பொன் முதலில், வண்ணம் பிறகு. முதலில் வண்ணம் தீட்டினால் பொன்துகள் அதிலும் ஒட்டும், தேய்ப்பில் வண்ணமும் கலைந்துபோகும்.

கேள்வி: எந்த ஊரில் செய்தது என்று தெரிந்துகொள்ள வழி?

பதில்: ஊரைவிட, எந்த மறைமாவட்ட (ஓர் ஆயரின் கீழுள்ள பகுதி) வழக்கப்படி எழுதியது என்பது எளிதில் தெரியும். மாதாவின் செபவேளைகளில் ‘பிரைம்’ என்ற காலைச் செபத்தைத் திருப்பி, பல்லவியைப் பாருங்கள். ‘அசும்ப்தா எஸ்த்’ என்று தொடங்கினால் ரோம் வழக்கம். ‘பெனெதிக்தா து’ என்றால் பாரிஸ் வழக்கமாக இருக்கலாம். ‘நோன்’ என்ற பிற்பகல் செபத்தையும் ஒத்துப் பார்த்தால்தான் உறுதி. நாட்காட்டியில் ஜனவரி 3 அன்று பாரிஸின் காவல் புனிதரான ஜெனவியேவ் பெயர் பொன்னிலோ சிவப்பிலோ இருந்தால் பாரிஸ் பக்கம் இன்னும் சாயலாம். ஆனால் இது வாங்கியவர் எங்கே செபித்தார் என்பதற்கான துப்பு மட்டுமே. இங்கிலாந்தின் ‘சாரம்’ (சாலிஸ்பரி மறைமாவட்ட) வழக்கத்துக்கான நூல்களைக் கடல் தாண்டி, இன்றைய பெல்ஜியத்திலுள்ள புரூஜ் நகரப் பட்டறைகள் எழுதிக் குவித்தன. படங்களின் பாணியையும் ஓர ஓவியத்தையும் பார்க்காமல் ஊர்ப்பெயர் சொல்பவரை நம்ப வேண்டாம்.

கேள்வி: ஒரு படத்தில் ஆற்று நீர் கறுப்பாக இருக்கிறதே?

பதில்: வெள்ளித்தகடு. தீட்டியபோது மின்னியது, காற்றிலுள்ள கந்தகம் பட்டுக் கறுத்துவிட்டது. சுரண்டிப் பார்த்தால் உள்ள வெள்ளியும் போய்விடும்.