தாடி ஓணானுக்கு ஒரு தொட்டி: வாசகர் கேள்விகள்

செல்லப்பிராணிக் கடைகளில் பியர்டட் டிராகன் என்று விற்கப்படும் தாடி ஓணான் நம் வேலியோர ஓணானின் உறவுதான். இரண்டும் ஒரே குடும்பம். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலம் அதற்குச் சொந்த ஊர். அங்கே பகலில் கல் சுடும், இரவு குளிரும், காற்றில் ஈரம் குறைவு. புதுச்சேரி, கடலூர்க் கரையிலோ காற்றே ஈரமாக இருக்கும். இந்த வேறுபாட்டை வைத்துத்தான் கீழே பதில் சொல்லியிருக்கிறோம்.

மீன் வளர்த்த கண்ணாடித் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பத்தாவது படிக்கும் மகன் பியர்டட் டிராகன் கேட்கிறான். இதிலேயே வளர்க்கலாமா?
*லாஸ்பேட்டை வாசகர்*

குட்டிக்குச் சில மாதங்கள் போதும், வளர்ந்ததற்குப் போதாது. வால் உட்பட ஒன்றரை அடியிலிருந்து இரண்டடி வரை வளரும். ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் அந்த அளவை எட்டிவிடும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்தாண்டுக்கு மேலும் இருக்கும். மகன் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் வீட்டில் அது இருக்கும் என்பதை இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

வளர்ந்த ஒன்றுக்குக் குறைந்த அளவு நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். நீளத்தில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஓணான் இனம் தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. வெயிலுக்குப் போய்ச் சூடேறும், நிழலுக்கு வந்து ஆறும். தொட்டியின் ஒரு முனை சுட வேண்டும், மறு முனை ஆறியிருக்க வேண்டும். நம் ஊர் அறை வெப்பத்தில் சின்னத் தொட்டியில் ஒரு விளக்கு எரிந்தால் இரண்டு முனையும் சூடாகிவிடும். ஆற இடமே இருக்காது.

எங்கள் யோசனை, மரத்தில் செய்துகொள்வது. எட்டுக்கு நான்கு பிளைவுட் பலகை ஒன்று கணக்காகப் போதும். அதை நான்குக்கு இரண்டடித் துண்டுகளாக நான்காக அறுத்தால் மேல், கீழ், பின்புறம் மூன்றும் வந்துவிடும்; நான்காவதைப் பாதியாக அறுத்தால் இரு பக்கமும் தயார். முன்புறத்துக்கு 5 மி.மீ. கண்ணாடி இரண்டு, பக்கவாட்டில் தள்ளும் சேனலோடு. தண்ணீர் தாங்கும் 710 தர பிளைவுட்டாகக் கேளுங்கள், 12 மி.மீ. கனம் போதும், மூலைகளுக்கு உள்ளே ரீப்பர் வைத்துத் திருகு போடச் சொல்லுங்கள். உள்பக்கம் முழுக்க முதலில் பாலியூரித்தேன் வார்னிஷும், அது காய்ந்த பின் இணைப்புகளில் சிலிக்கானும் அடித்து, வாசனை துளியும் இல்லாமல் போகும்வரை இரண்டு வாரம் திறந்து வையுங்கள். இதில் அவசரம் வேண்டாம். விளக்குச் சூட்டில் வார்னிஷ் வாசனை மீண்டும் கிளம்பினால் மூடிய பெட்டிக்குள் அதைச் சுவாசிப்பது குட்டிதான்.

காற்றோட்டத்துக்கு, குளிர்ந்த முனையில் அடியோரம் ஒரு திறப்பு, சூடான முனையில் மேலோரம் ஒரு திறப்பு. சூடான காற்று மேலே வெளியேறும்போது கீழே புதுக் காற்று தானாக நுழையும். கரையோர ஊர் என்பதால் திறப்பு ஒவ்வொன்றும் ஓரடிக்கு நான்கு அங்குலம் இருக்கட்டும். துருப்பிடிக்காத எஃகு வலை போடுங்கள். நைலான் கொசுவலையைத் தீனிக்கு விடும் சில்வண்டுகள் கடித்து ஓட்டை போட்டுவிடும்.

மீன் தொட்டியைக் குட்டிக்காகப் பயன்படுத்தினால், கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு எஃகு வலை மூடி போடுங்கள். பின்புறமும் இரு பக்கமும் வெளியிலிருந்து காகிதம் ஒட்டுங்கள். தன் நிழலுருவைக் கண்ணாடியில் பார்த்து இன்னொன்று நிற்கிறது என்று அது ஓயாமல் சுவரைப் பிறாண்டும்.

வீடியோக்களில் 100 வாட் பல்ப், இரவுக்குச் சிவப்பு பல்ப், அடியில் ஹீட் மேட் எல்லாம் சொல்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு இத்தனையும் வேண்டுமா?
*நெல்லிக்குப்பம் வாசகி*

வேண்டாம். அவை குளிர் நாட்டு வீடுகளுக்கான பட்டியல். அங்கே தொட்டியைச் சூடாக்குவது கஷ்டம். இங்கே அதன் ஒரு பாதியைச் சூடாகாமல் காப்பதுதான் கஷ்டம். முதலில் எண்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ். குளிர்ந்த முனைக் காற்று 24 முதல் 28. இரவில் 18 வரை இறங்கினாலும் பாதகமில்லை. நம் கரையோரத்தில் மார்கழி இரவில்கூட வீட்டுக்குள் அந்த அளவு இறங்குவது அரிது. ஆகவே இரவு விளக்கும் ஹீட் மேட்டும் பட்டியலிலிருந்து போகட்டும். சிவப்பு வெளிச்சம் அதன் கண்ணுக்குத் தெரியும், தூக்கம் கெடும். சூடேறும் செயற்கைக் கல்லை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வயிறு வெந்துபோகும் வரை அது அதன் மேலேயே படுத்திருக்கும்.

பகல் வெப்பத்துக்கு வெள்ளை ஹாலோஜன் பல்ப். எல்.இ.டி. பல்பில் தேவையான வெப்பம் கிடையாது. 100 வாட்டில் ஆரம்பிக்காமல், 35 வாட் ஹாலோஜன் ஸ்பாட் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுங்கள். ஒற்றை ஸ்பாட் முதுகில் ஒரு வட்டத்தை மட்டும் சுடும். இரண்டிருந்தால் உடம்பு முழுக்கச் சீராகப் படும். பீங்கான் ஹோல்டர்தான் போட வேண்டும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும். பெட்டிக்குள் மாட்டினால் சுற்றிக் கம்பிக்கூண்டு கட்டாயம், இல்லையேல் தாவி ஒட்டிக்கொள்ளும். விளக்குக்கான டிம்மர் ஒன்று சேர்த்துவிட்டால் சித்திரையில் குறைத்து, மழைக்காலத்தில் கூட்டலாம். மின்விசிறி ரெகுலேட்டரை அதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

விளக்குக்கு அடியில் ஒரு துண்டு கடப்பாக் கல். சூட்டை வாங்கி வைத்துக்கொள்ள அதைவிட நல்லது இல்லை. செங்கல் மேல் ஆடாமல் உட்கார வைத்து, விளக்குக்கும் குட்டியின் முதுகுக்கும் இடையே எட்டிலிருந்து பன்னிரண்டு அங்குலம் இருக்கும்படி பாருங்கள். கல்லின் சூட்டை இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் அளக்க வேண்டும்; காற்றின் சூட்டுக்குக் கம்பி முனையோடு வரும் டிஜிட்டல் தெர்மாமீட்டர். சுவரில் ஒட்டும், கடிகாரம்போல் முள் வைத்த தெர்மாமீட்டர்களை நம்பாதீர்கள், பல டிகிரி பிசகும்.

சித்திரை, வைகாசியில் மொட்டை மாடிக்கு அடியில் உள்ள அறை மதியம் 36, 37-ஐத் தொடும். அப்போது தொட்டியில் குளிர்ந்த முனை என்பதே கிடையாது. தொட்டியைத் தரைத்தளத்துக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் காலை 7 முதல் 11 வரை ஹாலோஜன், பிறகு மாலை 4.30 வரை நிறுத்தம், மீண்டும் 6.30 வரை என்று டைமரில் வையுங்கள். கல்லின் மேல் இருக்கும்போது வாயைப் பிளப்பது இயல்பு, கூடுதல் சூட்டை அப்படித்தான் வெளியேற்றும். குளிர்ந்த முனையின் மூலையில் ஒடுங்கிக்கொண்டு வாயைப் பிளந்தால் அது ஆபத்து. உடனே விளக்கை அணைத்து அறையைக் குளிரச் செய்யுங்கள்.

கிழக்கு ஜன்னல் ஓரம் தொட்டியை வைத்தால் காலை வெயில் கிடைக்குமே, புற ஊதா விளக்கு எதற்குத் தனியாக?
*முத்தியால்பேட்டை வாசகர்*

ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் விடும், தேவையான யு.வி.பி. என்ற புற ஊதாக் கதிரை விடாது. அந்தக் கதிர் தோலில் படாவிட்டால் வைட்டமின் டி3 உருவாகாது. டி3 இல்லாவிட்டால் தின்ற கால்சியம் எலும்பில் சேராது. தாடை மிருதுவாவது, கால் நடுங்குவது, கை வளைவது எல்லாம் இந்தக் குறையில் வருபவை. வளைந்த எலும்பு பிறகு நேராவதில்லை. அதனால் மற்ற எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்காதீர்கள்.

வாங்க வேண்டியது நீளக் குழல் விளக்கு: டி5 ஹை அவுட்புட், யு.வி.பி. 10 அல்லது 12 சதவீதம். நான்கடித் தொட்டிக்கு 24 வாட் குழல் (சுமார் 22 அங்குலம்) அல்லது 39 வாட் குழல் (சுமார் 34 அங்குலம்). சுருள் வடிவச் சின்ன பல்பின் கதிர் இந்த அளவுத் தொட்டிக்குப் போதாது. குழலை ஹாலோஜன் இருக்கும் பக்கமாகவே மாட்டுங்கள், வெயிலில் சூடும் கதிரும் சேர்ந்தே வருவதுபோல. இடையில் வலை இல்லையென்றால் முதுகிலிருந்து சுமார் 15 அங்குலம். வலைக்கு மேலே வைத்தால் வலை மூன்றில் ஒரு பங்கு கதிரைத் தின்றுவிடும், அப்போது 10 முதல் 12 அங்குலம். குளிர்ந்த முனை நிழலாகவே இருக்கட்டும். குழல் எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் தேய்ந்துகொண்டே வரும். மாட்டிய தேதியைக் குழலின் முனையில் எழுதி, 12 மாதத்தில் மாற்றிவிடுங்கள். குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் யு.வி. விளக்கு வேறு வகைக் கதிர். அது கண்ணைக் கெடுக்கும், ஒருபோதும் மாட்டாதீர்கள்.

நேரடி வெயில் தர ஆசையிருந்தால், பாதி நிழல் போட்ட கம்பிவலைக் கூண்டில் காலை 7.30-க்கு மேல் அரைமணி நேரம், பக்கத்தில் ஒருவர் இருக்க, மாடியில் வையுங்கள். காக்கையும் பருந்தும் பார்த்துக்கொண்டிருக்கும். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் சில நிமிடங்களில் வெந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வீட்டுச் சுவரே வியர்க்கும். தொட்டிக்குள் ஈரத்தை எப்படிக் குறைப்பது?
*கடலூர் முதுநகர் வாசகி*

நல்ல கேள்வி, இந்தக் கரையில் தாடி ஓணான் வளர்ப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியதும் இதுதான். பகல் ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம் இருப்பது நல்லது. 60 வரை தாங்கும். நாள்கணக்கில் அதற்கு மேல் நின்றால் சளியும் தோல் பூஞ்சையும் வர வாய்ப்பு கூடும்.

ஆனால் அறையில் 80 காட்டினால் தொட்டியிலும் 80 என்று அர்த்தமில்லை. 30 டிகிரியில் 80 சதவீதம் ஈரமுள்ள காற்றை 35 டிகிரிக்குச் சூடாக்கினால் அளவு சுமார் 60-க்கு இறங்கும், 40 டிகிரியில் சுமார் 46. அதாவது விளக்கே பாதி வேலையைச் செய்துவிடுகிறது, சூடான காற்று வெளியேற வழி இருந்தால். இருமுனைத் திறப்புகளில் அவ்வளவு அழுத்தம் கொடுத்தது இதற்காகத்தான். தண்ணீர்க் கிண்ணம் சிறியதாக, விளக்கிலிருந்து தள்ளி இருக்கட்டும். தென்னை நார்த்தூள் வேண்டவே வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறது என்று பலர் கொட்டுகிறார்கள், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும் பஞ்சு. தொட்டியைச் சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். அடைமழை வாரங்களில் அறையில் ஏ.சி.யை டிரை நிலையில் சில மணி நேரம் ஓட்டினால் நன்றாகவே குறையும். காற்று நேராகத் தொட்டியில் படக் கூடாது. மூக்கில் குமிழி, மூச்சில் சத்தம், தோலில் மஞ்சள் பட்டை இவற்றில் ஒன்று தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

தரைக்கு தேவனாம்பட்டினம் கடற்கரை மணல் போடலாமா?
*கடலூர் வாசகர்*

கூடாது. உப்பும் ஈரமும் ஒரு பக்கம்; குட்டி தீனியோடு மணலையும் விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். சொரசொரப்பான தரை டைல்ஸ் போடுங்கள். துடைக்க எளிது, நகமும் தேயும். முதல் சில வாரம் அதன் மேல் செய்தித்தாள் விரித்தால் மலம் எப்படி இருக்கிறது என்று தினமும் தெரியும்.

ஏற மரக்கிளை எது வைக்கலாம்? கீரை கொடுக்கலாமா?
*பண்ருட்டி வாசகி*

உங்கள் ஊரில் கைக்கெட்டும் முந்திரிக் கிளையும் மாங்கிளையும்தான் தவிர்க்க வேண்டியவை. இரண்டின் பாலும் தோலை அரிக்கும். அரளி, எருக்கு விஷம். கொய்யாக் கிளை மிக நல்லது. மருந்து அடிக்காத மரத்தில் வெட்டி, தேய்த்துக் கழுவி, ஒரு வாரம் வெயிலில் காயவைத்து, ஆடாமல் திருகி மாட்டுங்கள்.

கீரையில் ஒரு சிக்கல். அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை, பாலக் இவற்றில் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. எப்போதாவது ஒரு வாய் தரலாம், தினத் தீனி ஆக்கக் கூடாது. முருங்கைக்கீரை, செம்பருத்தி இலையும் பூவும், துருவிய பரங்கிக்காய், கொஞ்சம் கொத்தமல்லி இவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். குட்டிக்கு முக்கால் பங்கு பூச்சி, கால் பங்கு இலை. வளர்ந்த பிறகு இது தலைகீழ். பூச்சி அதன் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. கால்சியப் பொடியில் புரட்டித் தர வேண்டும். தோட்டத்துப் பூச்சி பிடித்துப் போடாதீர்கள், வயல் மருந்து ஏறியிருக்கும். மின்மினி ஒன்றே உயிரை எடுத்துவிடும்.

தனியாக இருந்தால் ஏங்காதா? ஜோடியாக வளர்க்கலாமா?
*திருப்பாதிரிப்புலியூர் வாசகர்*

ஏங்காது. இரண்டை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்று வெயில் கல்லைப் பிடித்துக்கொள்ளும், மற்றது மெலியும். விரலையும் வால் நுனியையும் கடித்துவிடும். ஒரு தொட்டிக்கு ஒன்றுதான்.

புயல் வந்து மூன்று நாள் கரண்ட் இல்லையென்றால்?
*அரியாங்குப்பம் வாசகி*

2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல், 2024 நவம்பர் 30-இல் ‘ஃபெஞ்சல்’ புயல் என்று இரண்டையும் பார்த்த ஊருக்கு இது வெறும் கற்பனை அல்ல. பயப்பட வேண்டாம். நம் வீட்டு வெப்பத்தில் விளக்கில்லாமல் மூன்று நாள் அது தாங்கும். செய்யக் கூடாதது ஒன்று: தீனி போடுவது. உடம்பு சூடேறாவிட்டால் வயிற்றில் போனது செரிக்காமல் அழுகும். தண்ணீர் மட்டும் வையுங்கள், உயிரோடு இருக்கும் பூச்சிகளை வெளியே எடுத்துவிடுங்கள். தண்ணீர் புகும் தெரு என்றால் தொட்டியை முன்பே மேசை மேல் ஏற்றுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் காலையில் இரண்டு மணி நேரம் ஹாலோஜனுக்கு ஒதுக்கலாம்.

எல்லாம் வாங்கியாகிவிட்டது. எப்போது குட்டியைக் கொண்டுவரலாம்?
*வில்லியனூர் வாசகர்*

வெறும் தொட்டியை ஐந்து நாள் ஓட்டிப் பாருங்கள். காலை 8, மதியம் 2, மாலை 6, இரவு 10 மணிக்குக் கல்லின் சூடு, இரு முனைக் காற்று, ஈரப்பதம் நான்கையும் நோட்டில் எழுதுங்கள். மேலே சொன்ன எண்கள் தொடர்ந்து மூன்று நாள் வந்த பிறகே குட்டி.

பில்லோடு, கூண்டில் பிறந்ததுதான் என்ற எழுத்துச் சான்றோடு வாங்குங்கள். 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டத்தில் வெளிநாட்டு உயிரினங்கள் பலவற்றுக்குப் பதிவு கட்டாயம். நீங்கள் வாங்கும் இனம் பட்டியலில் உண்டா என்று வனத்துறையில் முன்பே கேளுங்கள். அதே கடையில் உடும்போ நட்சத்திர ஆமையோ காட்டினால் அங்கே எதுவும் வாங்காதீர்கள். இரண்டையும் வைத்திருப்பதே குற்றம்.

வந்த முதல் வாரம் தூக்கிக் கொஞ்ச வேண்டாம். சாப்பாடு குறையும், தாடி, அதாவது தொண்டைத் தோல், கறுக்கும், பழகினால் சரியாகும். இரண்டாவது வாரம் புது மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக் குடற்புழுப் பரிசோதனை செய்யுங்கள். குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில், ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர் எந்த நாளில் இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். தொட்ட பிறகு ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சால்மோனெல்லா கிருமி அதன் மலத்தில் இருக்கும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.