எந்த எக்ஸ்பிரஷன் பெடல் வாங்கலாம்? வால்யூம் பெடலும் அதுவும் ஒன்றுதான் என்கிறாரே கடைக்காரர்?

ஒன்றுதான் என்று சொன்ன அந்தக் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. பெங்களூரில் இருக்கிறீர்கள், பெடல் சேர்ந்து வராத சின்ன மல்டி எஃபெக்ட்ஸ் யூனிட் (கிடார் சத்தத்துக்கு எதிரொலி மாதிரிப் பல மாற்றங்கள் கொடுக்கும் பெட்டி) ஒன்று வைத்திருக்கிறீர்கள், அதன் பின்பக்கம் ‘எக்ஸ்ப்’ என்று ஒரு ஜாக் இருக்கிறது, அதிகம் செலவு செய்ய முடியாது. கேள்வியில் இருப்பது இவ்வளவுதான். மாடலைச் சொல்லவில்லை. சர்ச் கொயரிலோ ஆர்கெஸ்ட்ராவிலோ வாசிப்பவர் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். வீட்டில் ஹெட்ஃபோன் போட்டு வாசிப்பவராக இருந்தாலும் பெரும்பகுதி பொருந்தும்.

வால்யூம் பெடலுக்குள் உங்கள் கிடார் சத்தமே நுழைந்து வெளியே வருகிறது. அதனால் அது எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதன் மின்தடை எத்தனை கே (கிலோ) ஓம் என்பதெல்லாம் டோனை பாதிக்கும். கிடாரில் பேட்டரி இல்லாத சாதாரண பிக்கப் என்றால் 250 கே, சிக்னலுக்கு வலுக் கொடுக்கும் பஃபருக்குப் பின்னால் என்றால் 25 கே என்று ஒரே பெடலை இரண்டு விதமாக விற்பது இதற்காகத்தான். எக்ஸ்பிரஷன் பெடலுக்குள் சத்தம் போவதே இல்லை. உள்ளே மூன்று இணைப்புக் காலுள்ள ஒரு பாட் (பொட்டென்ஷியோமீட்டர், அசைத்தால் மின்தடை மாறும் பாகம்), பெரும்பாலும் 10 கே. யூனிட் அதற்கு ஒரு சின்ன வோல்டேஜ் கொடுக்கிறது. உங்கள் பாதம் எங்கே இருக்கிறதோ அதற்கேற்ற பங்கு நடுக்கால் வழியாகத் திரும்பி வருகிறது. யூனிட் அதை ஓர் எண்ணாக மாற்றி டிலேயின் (திரும்பத் திரும்ப வரும் எதிரொலி) அளவையோ, ரிவெர்பையோ (பெரிய கூடத்தின் முழக்கம்), ஃபில்டரையோ, பிட்ச்சையோ நகர்த்துகிறது. அவ்வளவுதான் வேலை. ஆகவே இதில் ‘நல்ல டோன் உள்ள பெடல்’ என்று ஒன்று கிடையாது. யாராவது அப்படிச் சொல்லி அதிக விலைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

எனக்கு இந்தக் கேள்வி ஏன் சுடுகிறது என்றால், எங்கள் குழுவில் செகண்ட் கிடார் வாசிக்கும் தம்பி ஒருவனுக்கு நடந்தது அப்படி. கீபோர்ட் வாசிப்பவர் தன்னிடம் சும்மா கிடந்த பெடலை, “வெச்சுக்கோடா” என்று அவனிடம் கொடுத்தார். யமஹா எஃப்சி7, நல்ல உறுதியான பெடல். இவனுடைய யூனிட்டோ பாஸ் (Boss) கம்பெனியுடையது. மாட்டினான், சரியாக வேலை செய்யவில்லை. ஒரு சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனான். அங்கே திறந்துகூடப் பார்க்காமல், யூனிட்டில் ஜாக் போர்டு போய்விட்டது, வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்களாம். அவன் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். ஆன்லைனில் கேட்டால் பெடல் டெட், தூக்கிப் போடு என்று பதில்.

லிங்கராஜபுரத்தில் நாங்கள் ரிகர்சல் பார்க்கும் மாடி அறைக்கு இரண்டையும் கொண்டுவரச் சொன்னேன். யூனிட்டின் திரையில் பெடலின் மதிப்பு எண்ணாகத் தெரியும்படி வைத்துவிட்டு மெதுவாக மிதிக்கச் சொன்னேன். குதிகாலை முழுக்க அழுத்தியிருக்கும்போது பூஜ்யம். பாதத்தை ஒரு விரற்கடை முன்னால் சாய்த்ததும் எண் சட்டென்று எண்பதைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு மிச்ச தூரம் முழுக்க மிதித்தாலும் ஏறக்குறைய அங்கேயே நின்றது. எதுவும் செத்துப்போன அறிகுறி இல்லை இது. செத்திருந்தால் எண் அசையவே அசையாது, இல்லையென்றால் தாறுமாறாகக் குதிக்கும். இது மிக ஒழுங்காக, ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் தாவியது. பாட்டின் இணைப்புக் கால் இடம் மாறி இணைந்திருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஸ்டீரியோ ஜாக்கில் மூன்று பகுதி உண்டு. நுனி, நடு வளையம், அடிப்பகுதி. ரோலண்ட், பாஸ் வகையில் பாட்டின் நடுக்கால் நுனிக்கு வரும், வோல்டேஜ் வளையத்தில் போகும். யமஹாவில் இது தலைகீழ்: நுனியில் வோல்டேஜ், வளையத்தில் நடுக்கால். இரண்டும் சரிதான், ஒன்றோடொன்று பேசாது. சந்தேகம் தீர மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து பெடலின் ஜாக்கில் தொட்டுப் பார்த்தோம். பெடலை ஆட்டும்போது எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் எண் மாறாமல் நிற்கிறதோ அவை இரண்டும் பாட்டின் ஓரக்கால்கள். மிஞ்சிய மூன்றாவதுதான் நடுக்கால். இவனுடையதில் நுனிக்கும் அடிக்கும் நடுவில் எண் அசையவில்லை. முடிந்தது விஷயம்.

எஸ்.பி. ரோட்டுக்குப் போனோம். அங்கே கடையில் நின்று நீளமான பெயரெல்லாம் சொல்ல வேண்டியதில்லை, “பி-38 ஸ்டீரியோ, மேல் ஒண்ணு, ஃபீமேல் ஒண்ணு” (இந்தத் தடிமனான ஜாக்கில் செருகும் முனை ஒன்று, செருக இடம் கொடுக்கும் முனை ஒன்று) என்றால் எடுத்து வைத்துவிடுவார்கள். கொஞ்சம் மூன்று கம்பி வயர். நுனியையும் வளையத்தையும் குறுக்கே மாற்றி, அடியை நேராக வைத்து சால்டர் செய்தால் ஒரு சின்ன அடாப்டர். அன்று இரவே திரையில் எண் பூஜ்யத்திலிருந்து நூறு வரை சீராக ஏறியதைப் பார்த்து அவன், “அண்ணா, இதுக்கா அவ்ளோ காசு கேட்டாங்க?” என்றான். டீ, பஸ் சார்ஜ் சேர்த்தும் செலவு சில நூறு ரூபாய்தான்.

அவன் இப்போது கொயரில் அதை எப்படி வாசிக்கிறான் என்று நீங்கள் கேட்க வேண்டும். காணிக்கைப் பாட்டில் கீபோர்டின் ஸ்ட்ரிங்ஸ் வர வேண்டிய இடத்தில் கிடாரிலேயே கார்டைப் பிடித்துவிட்டு, பாதத்தால் டிலேயையும் ரிவெர்பையும் சேர்த்து ஏற்றுகிறான். ஒரே பெடலுக்கு இரண்டு மூன்று விஷயங்களை ஒன்றாகக் கொடுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் குதிகால் அளவு எவ்வளவு, விரல் பக்க அளவு எவ்வளவு என்று தனித்தனியாக வைக்கலாம். எல்லாவற்றையும் பூஜ்யத்திலிருந்து நூறு வரை விட்டுவிடாதீர்கள். டிலே ஃபீட்பேக்கை நூறு வரை போக விட்டால் சத்தம் தானாகப் பெருகி எல்லாவற்றையும் மூடிவிடும். இருபதிலிருந்து அறுபது வரை போதும்.

இப்போது உங்களுக்கு. யூனிட்டின் மேனுவலில் எக்ஸ்ப் ஜாக் பற்றிய பக்கத்தை முதலில் படியுங்கள், அப்புறம் கடைக்குப் போங்கள். லைன் 6 யூனிட் என்றால் விஷயமே வேறு. ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் போன்றவை இரண்டு கம்பியில் 10 கே ரெசிஸ்டன்ஸ் மாறுவதை மட்டும் பார்க்கின்றன, மோனோ கேபிள்தான் அதற்கு. மற்ற பலவற்றுக்கு ஸ்டீரியோ கேபிள் வேண்டும். வீட்டில் கிடக்கும் கிடார் கேபிளைச் செருகிப் பார்த்துவிட்டு ‘பெடல் வேலை செய்யவில்லை’ என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. கிடார் கேபிள் மோனோ, அதன் முனையில் தனி வளையம் கிடையாது; அது ஜாக்கின் வளையத்தையும் அடியையும் ஒன்றாக இணைத்துவிடும், வோல்டேஜ் அங்கேயே தீர்ந்துபோகும்.

எந்த யூனிட் என்று தெரியாமல் ஒரு பெயரைச் சொல்லச் சொன்னால், போலாரிட்டி சுவிட்ச் (நுனி, வளைய இணைப்பை இடம் மாற்றுவது) உள்ள பெடலைத்தான் சொல்வேன். எம்-ஆடியோ எக்ஸ்-பி பிளாஸ்டிக்தான், ஆனால் அடியில் சுவிட்ச் உண்டு, குறைந்த செலவில் தொடங்க அது போதும். மூக் இபி-3யிலும் உண்டு. காசு இருந்தால் பாஸ் இவி-30: உலோக உடம்பு, இரண்டு யூனிட்டுக்குத் தனித்தனி வெளியீடு, போலாரிட்டியையும் மாற்றலாம். ரோலண்ட் இவி-5 பழையதாகக் கிடைத்தால் பக்கவாட்டில் இருக்கும் மினிமம் திருகை பூஜ்யத்தில் வையுங்கள், இல்லையென்றால் குதிகாலை அழுத்தினாலும் மதிப்பு முழுக்க இறங்காது. சத்தத்துக்கும் எக்ஸ்பிரஷனுக்கும் ஒரே பெடல் வேண்டும் என்றால் டன்லப் வால்யூம் எக்ஸ் மாதிரி இரண்டுக்கும் தனித்தனி ஜாக் உள்ளதை வாங்குங்கள். எது வாங்கினாலும் மாட்டியவுடன் யூனிட்டில் காலிப்ரேஷன் (பெடலின் இரண்டு எல்லைகளையும் யூனிட்டுக்குப் பழக்குவது) இருந்தால் ஒரு தடவை செய்துவிடுங்கள்.

சாதாரண வால்யூம் பெடலையே ஒய்-கேபிள் (ஒரு முனை இரண்டாகப் பிரியும் கேபிள்) போட்டு எக்ஸ்பிரஷனாக மாற்றலாமே என்று யாராவது கீழே எழுதுவார்கள், தெரியும். மாற்றலாம். ஆனால் அதில் இருப்பது காதுக்கேற்றபடி முதலில் மெதுவாகவும் கடைசியில் வேகமாகவும் ஏறும் லாக் டேப்பர் பாட், மதிப்பும் 250 கே வரை இருக்கும். யூனிட் எதிர்பார்ப்பது சீராக ஏறும் லீனியர். அதனால் பாதத்தின் முதல் பாதியில் ஒன்றும் நடக்காது, கடைசியில் எல்லாம் ஒரேயடியாக வரும். அது போதும் என்பவர்கள் செய்துகொள்ளட்டும், நான் சண்டைக்கு வரவில்லை.

ஒன்று மட்டும் கடையில் அவசியம் பாருங்கள்: செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பாருங்கள். வெளிநாட்டு விமர்சனங்களில் இதை யாரும் எழுதுவதில்லை, அவர்கள் ஷூவோடு வாசிக்கிறார்கள். நமக்குக் கோவில் மேடை, சர்ச் பீடத்துப் பக்கம், சிவாஜிநகரில் செப்டம்பர் 8 மாதா திருநாள் நாட்கள், எங்கு போனாலும் வெறுங்கால். மேல்தகட்டில் கூரான உலோகக் கோடு இருந்தால் அரை மணியில் பாதம் எரியும். ரப்பர் இருக்க வேண்டும். பெடல் லேசாக இருந்தால் மேடை விரிப்பையும் இழுத்துக்கொண்டு நகரும். விட்ட இடத்தில் அது நிற்கிறதா என்றும் பாருங்கள். தானாகக் கீழே சரிந்தால் இறுக்கத்தைக் கூட்ட ஸ்க்ரூ இருக்கிறதா என்று கேளுங்கள். பாட் உள்ள பெடலில் தூசி போனால் எண் நடுங்கும். பெங்களூர்த் தூசிக்கு ஒரு துணி உறை தைத்துப் போடுவது நல்லது.

மேடை என்று சொன்னதால் இதையும் எழுதிவிடுகிறேன், பெடலுக்குச் சம்பந்தமில்லை. இவ்வளவும் சரிசெய்து, மாலை ஐந்து மணிக்கே போய் சவுண்ட் செக் முடித்துக் காத்திருப்போம். ஏழு மணிக்குத் தொடங்க வேண்டிய நிகழ்ச்சியில் சால்வை, மாலை, சிறப்பு விருந்தினர், அவருக்குப் பின் இன்னொருவர் என்று ஒன்பதைத் தாண்டிவிடும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி, அதில் எனக்கு மறுப்பில்லை, பக்கத்து வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். ஆனால் பத்து மணிக்கு மைக்கை அணைத்த பிறகு, “பாதி பாட்டுதானே வாசிச்சீங்க” என்று எங்கள் சம்பளத்தில் கை வைப்பது என்ன நியாயம்? அந்த இரண்டு மணி நேரத்தைத் தின்றது நாங்களா? பேசியவர்கள் யாருக்கும் சால்வையைத் திருப்பிக் கொடு என்று சொல்வதில்லை. அடுத்த வருஷம் அதே ஆட்கள் பதிவுசெய்த இசை ட்ராக் போட்டு இரண்டு பாடகர்களை மட்டும் அழைத்து, வாசிக்க ஆளே கிடைப்பதில்லை என்று மேடையில் வருத்தப்படுகிறார்கள். கிடைப்பார்கள் ஐயா, பேசிய தொகையைக் கொடுத்தால்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். யூனிட் மாடலை எழுதுங்கள், நுனியா வளையமா என்று பார்த்துச் சொல்கிறேன். அடாப்டர் செய்ய வேண்டி வந்தால் அதன் மேல் சிவப்பு டேப் சுற்றி வையுங்கள். பார்ப்பதற்கு சாதாரண எக்ஸ்டென்ஷன் மாதிரியே இருக்கும், அவசரத்தில் யாராவது அதைத் தங்கள் ஹெட்ஃபோனுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.