மாலை வகுப்பும் பள்ளிக்கூடமும்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில், எங்கள் தோட்டக் கோயில் மண்டபத்தில் வாரம் மூன்று மாலை பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு நடத்துகிறோம். பழைய யுபிஎஸ்ஆர் (ஆறாம் ஆண்டு இறுதித் தேர்வு) கணிதத் தாள்களை எங்களிடம் மளமளவென்று செய்யும் பிள்ளைகளைப் பள்ளியில் பின்தங்கியவர்கள் என்கிறார்கள். ஆசிரியையிடம் போய்ப் பேசலாமா? தலையிடுவதாக நினைத்துவிட மாட்டாரா? – ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, கட்டாயம் போய்ப் பேசுங்கள். செம்பனைத் தோட்டத்தில் வேலை முடித்துக் களைத்து வரும் பெற்றோருக்கு உங்கள் வகுப்பு எவ்வளவு பெரிய உதவி! ஆனால் பள்ளியில் ஒன்று, மண்டபத்தில் வேறொன்று என்று நடந்தால் பிள்ளைதான் நடுவில் திணறும்.

முதலில் அந்தப் பழைய தாள்களை ஒதுக்கி வையுங்கள். யுபிஎஸ்ஆர் 2021-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது ஆசிரியர் ஆண்டு முழுவதும் வகுப்பறையிலேயே கவனித்து, 1 முதல் 6 வரை அடைவுநிலை போடுகிறார். சொல்லிக் கொடுத்த கணக்கை அப்படியே செய்தால் போதாது. ஏன் அப்படிச் செய்தோம் என்று விளக்க வேண்டும், புதிய சிக்கலிலும் அதைப் பயன்படுத்த வேண்டும். விடைக்கு வட்டம் போட்டுப் பழகிய பிள்ளை அங்கேதான் தடுமாறுகிறது.

பள்ளிக்குப் போகும்போது தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். "ஏன் பின்தங்கியவர்கள் என்கிறீர்கள்?" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். "இந்த மாதம் எந்தத் தலைப்பு நடத்துகிறீர்கள், டீச்சர்? இந்தப் பிள்ளைக்கு எந்த இடத்தில் புரியவில்லை?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் யாரும் தலையிடுவதாக நினைக்க மாட்டார்கள். ஆண்டுப் பாடத்திட்டத்தின் நகல் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது.

பள்ளியில் பொருண்மை, அதாவது எடை அளக்கும் பாடம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல பிள்ளைகள் 2 கிலோகிராம் 50 கிராமை 250 கிராம் என்று எழுதுவார்கள். சிவப்பு மையில் தவறு போட்டுத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் இது மாறாது. கோயில் சமையற்கட்டுத் தராசை எடுத்து வாருங்கள். முதலில் 250 கிராம் அரிசியை நிறுத்துக் கையில் கொடுங்கள். அப்புறம் 2 கிலோவோடு 50 கிராம் சேர்த்துக் கொடுங்கள். இரண்டும் ஒன்றில்லை என்று கையே சொல்லிவிடும். ஒரு கிலோவுக்கு 1000 கிராம், ஆக 2050 என்று பிள்ளையே திருத்திக்கொள்ளும். நிறைய மாணவர்களை வைத்துக்கொண்டு குறித்த நேரத்தில் பாடத்தை முடிக்க வேண்டிய ஆசிரியைக்கு இதற்கெல்லாம் அவகாசம் கிடைப்பது அரிது. உங்களுக்குக் கிடைக்கும். என்னைக் கேட்டால், மாலை வகுப்பின் உண்மையான பலமே அதுதான்.

நடந்ததை ஒரு சின்ன நோட்டில் இரண்டு வரி எழுதிப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்புங்கள்: "கிராமை மாற்றும்போது பூஜ்யத்தை விடுகிறான். தராசில் செய்து பார்த்த பிறகு சரியாக எழுதினான்." ஆசிரியையும் அதிலேயே ஒரு வரி பதில் எழுதலாம். வகுத்தல் போன்ற கணக்குகளில் உங்கள் வழி வேறாக இருந்தாலும், பள்ளியில் காட்டிய வழி மனத்தில் நன்றாகப் பதியும் வரை அதையே பின்பற்றுங்கள்.

கூடுதல் வீட்டுப்பாடம் வேண்டாம். மிஞ்சும் நேரத்தில் மலாய்க் கதைப் புத்தகம் ஒன்றைச் சத்தமாக வாசிக்க வையுங்கள். இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலான பாடங்கள் மலாயில்தான். இன்னொன்று, பிள்ளைகளின் அடைவுநிலையைப் பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடாதீர்கள். அந்தந்தத் தாய் தகப்பனிடம் தனியாகச் சொல்லுங்கள்.